பதுளையை சிக்காகோவுக்குப் பக்கத்தில் வைத்த செய்தி

நான் எழுதி முதல் பக்கத்தில் வந்த முதல் செய்தி ஒரு பிழையான செய்தி. இப்போது நிருபர் வேலைக்கு வருகிற பிள்ளைகள் "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன், அதுவும் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு. பிழையைச் சொல்ல எதற்குப் பெருமை என்று கேட்பவர்கள் கடைசி வரை படிக்கட்டும்.

எழுபதுகளில் பதுளை பஸார் வீதியில் ஹாஜியார் ஒருவரின் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்தேன். ஆணி, கூரைத் தகரம், மண்வெட்டி, கத்தி என்று தோட்டத்துக்கும் வீட்டுக்கும் வேண்டிய எல்லாம் விற்ற கடை. அதோடு கொழும்பில் வெளிவந்த ஒரு தமிழ்த் தினசரிக்குப் பதுளை நிருபராகவும் இருந்தேன். செய்தியை எழுதி உறையில் போட்டு மாலைத் தபால் ரயில் கார்டிடம் கொடுத்துவிட்டால் மறுநாள் காலை கொழும்பில் இருக்கும். அவசரம் என்றால் தொலைபேசியில் வெளியூர் இணைப்புக் கேட்டு ட்ரங்க் கோல். கோல் கிடைக்கும் நேரத்துக்குள் அவசரமே ஆறிப்போய்விடும்.

என் அப்பா பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்துக் கங்காணி. கவ்வாத்து என்றால் வளர்ந்துபோன தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுவது. அந்த வேலைக்காரர்களின் தலைவர் அவர். நான் யாருடைய மகன் என்பது இந்தக் கதையில் பின்னால் முக்கியமாகிறது, அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

1. ஞாயிறு, பஸ் நிலையம்

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சனம் முழுக்க டவுனில்தான் இருக்கும். பதினொரு மணி இருக்கும், பஸ் நிலையப் பக்கம் பெரிய கூச்சல். கடைக்குள் இருந்து ஓடினேன். பழக்கடை சிறிசேனவை யாரோ குத்திவிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அவரை ஒரு காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தரையில் மாம்பழமும் இரத்தமும் கிடந்தன. பசறை பஸ்ஸில் இடம்பிடித்தவர்கள் மட்டும் இடம் போய்விடும் என்று இறங்காமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். ஒருவனைப் பிடித்து உள்ளே உட்காரவைத்திருந்தார்கள். கிழிந்த வெள்ளைச் சட்டையின் முதுகுப் பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. கவுண்டரில் இருந்த சார்ஜன்ட்டைக் கேட்டேன்.

"கத்தி இருந்தது, கஞ்சா இருந்தது, எங்களைக் கண்டு ஓடினான். வேற என்ன வேணும் மாத்தயா?" என்றார் அவர், தனக்குத் தெரிந்த தமிழில், ஐயா என்பதற்கு மட்டும் சிங்களத்தில் மாத்தயா என்று.

எனக்கும் அப்போது வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. நிலையப் படியிலேயே உட்கார்ந்து எழுதினேன். "பதுளை பஸ் நிலையத்தில் பட்டப்பகலில் கத்திக்குத்து. கூரிய கத்தியுடனும் கஞ்சாப் பொட்டலத்துடனும் தோட்ட இளைஞர் ஒருவர் கைது. போதைப்பொருள் கும்பல் மோதலா எனப் பொலிஸார் சந்தேகம்." கும்பல் என்று சார்ஜன்ட் சொல்லவில்லை. ஒருவரைக் கும்பல் ஆக்கியது நான்தான். கத்தியையும் நான் பார்க்கவில்லை. கத்தி என்றால் கூரியது என்று எழுதுவது அப்போது எங்கள் வழக்கம், வெயில் என்றால் சுட்டெரிக்கும், மழை என்றால் அடைமழை என்பது போல. அந்த ஒரு சொல்லை எழுத ஒரு விநாடிகூட ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில், பெட்டி கட்டி. ஹாஜியாரே கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். எனக்குக் கால் தரையில் இல்லை.

2. கனகசபை ஐயாவின் கோல்

அன்று பகலே கொழும்பிலிருந்து கோல். செய்தி ஆசிரியர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வெளியூர் நிருபர்களோடு தானே பேசுவது வருடத்தில் ஒருமுறை நடந்தால் அதிசயம்.

"உம்மட பஸ் ஸ்டாண்ட் விஷயம் நல்லா எடுபட்டிருக்கு. ஞாயிறு பதிப்பில அரைப் பக்கம் தாறன். உலகத்தில எந்தெந்தப் பட்டணத்தில இந்தப் போதைச் சாமானால வெட்டுக்குத்து நடக்குது, முந்தி எப்பிடி, இப்ப எப்பிடி எண்டு ஒப்பிட்டு எழுதும். கடைசியில பதுளையில கொண்டுவந்து நிப்பாட்டும். உம்மட பேரோட போடுறன்."

"சரிங்க ஐயா. நான் எழுதித் தர்றேங்க" என்றேன். பேரோட என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

புதன்கிழமை காலை ரயிலில் ஒரு தடித்த உறை வந்தது. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்பியவற்றின் நறுக்குகள். கடையில் கத்தி சுற்றும் பழுப்புக் காகிதத்தில் ஒரு பெரிய தாளை எடுத்து விரித்துக் கோடு போட்டேன். ஊர், காலம், சரக்கு, ஆயுதம், யார் யாரைத் தாக்கினார்கள், எதற்காக. ஆறு பத்தி. இதை எழுதும்போது நானே ஒரு பெரிய ஆள் ஆகிவிட்டதாக ஒரு நினைப்பு.

முதல் வரிசையில் சிக்காகோ, என் அப்பா பிறந்த காலத்தையொட்டியது. சரக்கு சாராயம். அரசாங்கம் குடியைத் தடை செய்திருந்தது. ஆயுதம் துப்பாக்கி. யார் யாரை என்ற பத்தியில், விற்கிற கூட்டம் விற்கிற கூட்டத்தை என்று எழுதினேன். அடுத்தது சீனத்துத் துறைமுகப் பட்டணங்கள். சரக்கு அபின். இரகசியச் சங்கங்கள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டன. பிறகு பம்பாய். அங்கும் மதுவிலக்கு, அங்கும் கள்ளச்சாராயம் விற்றவர்களுக்குள் சண்டை. கடைசியாக எங்கள் காலத்து நியூயோர்க். சரக்கு ஹெரோயின். ஒரு தெருமூலையில் யார் விற்பது என்பதற்குச் சண்டை. வாங்கக் காசில்லாதவன் வழிப்பறிக்குப் போனான்.

எழுதிக்கொண்டே போகும்போது ஒன்று கண்ணில் பட்டது. சரக்கு மாறுகிறது, ஊர் மாறுகிறது, ஆயுதமும் மாறுகிறது. ஆனால் கடைசிப் பத்தி மாறவில்லை. பெரும்பாலும் போதை தலைக்கேறியவன் அல்ல கொன்றது. விற்கிற இடம் தன்னுடையது என்று நினைத்தவன்தான் கொன்றிருக்கிறான். இடம் எங்கே சட்டப்படி யாருக்கும் சொந்தமில்லையோ அங்கேதான் கத்தி அதை முடிவு செய்திருக்கிறது. இதை நானே கண்டுபிடித்தேன் என்று இன்றும் சொல்லிக்கொள்வேன். வேறு யாராவது முன்பே எழுதியிருக்கலாம், அதைப்பற்றி எனக்குக் கவலையில்லை.

பின்னால் இருந்து எட்டிப்பார்த்த ஹாஜியார், "நம்ம ஊரையும் போடுங்க தம்பி" என்றார். "வெள்ளைக்காரன் காலத்துல அபினுக்கே லைசென்ஸ் கடை இருந்ததா எங்க வாப்பா சொல்வாரு. கிழடு கட்டையெல்லாம் வரிசையில நின்னு வாங்கிக்கிட்டுப் போகுமாம். ஒரு சண்டை கிடையாதாம். கடை அரசாங்கத்தோடது, யாரு யாரைக் குத்துறது?"

அதையும் ஒரு வரிசையாகப் போட்டேன். தோட்டத்துக் கசிப்புக்கும் ஒரு வரிசை போட்டேன். கள்ளச்சாராயம்தான், ஆனால் அங்கே அடிதடி குடித்தவனுக்கும் குடித்தவனுக்கும் நடப்பது, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் ஆரம்பித்து அங்கேயே முடிவது. மறுநாள் இரண்டு பேரும் ஒரே மலையில் வேலை செய்வார்கள். அது வேறு வகை.

கடைசியில் இன்றைய பதுளை. சரக்கு கஞ்சா. ஆயுதம் கூரிய கத்தி. யார் யாரை? கைதானவன் சிறிசேனவை. எதற்காக? அங்கே பேனா நின்றது. சிறிசேன பழம் விற்பவர், கஞ்சா விற்றதாக யாரும் சொன்னதில்லை. கைதானவன் விற்றானா, வாங்கினானா? எந்த மூலை, யாருடைய இடம்? என்ன பெயர் அவனுக்கு? ஒன்றுமே எனக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் உள்ள தெருமூலையைப் பற்றி ஒரு வரிசை முழுக்க நிரப்பிவிட்டேன், என் கடையிலிருந்து கல்லெறியும் தூரத்தில் நடந்ததைப் பற்றி ஒரு சொல் எழுத முடியவில்லை.

3. பார்வதி

அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தபடி இருந்தபோதுதான் அவள் கடைக்கு வந்தாள். இருபது வயதிருக்கும். கொழுந்து பறிக்கிற கை, விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. கையில் செவ்வாய்க்கிழமைப் பத்திரிகை, நாலாக மடித்து.

"இதுல எழுதினவரு நீங்களாங்க?"

ஆமாம் என்றேன். பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்த மடையன் நான்.

"நீங்க எழுதியிருக்கிறது எங்கண்ணனைங்க. ராமையா. எம்பேரு பார்வதி. அவன் யாரையும் குத்தலீங்க. சாமிக்குச் சாமான் வாங்க வந்தவன்."

"என்ன சாமி?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கவ்வாத்துச் சாமிங்க. வாற வெள்ளிக்கிழமை கும்பிடுறதா இருந்துச்சு. இந்தத் தடவை புதுக் கத்தி வாங்குற முறை எங்கண்ணனுக்கு வந்துச்சு. கத்தி, சுருட்டு, சூடம், முனிக்கு வைக்க ஒரு சிட்டிகை கஞ்சா. எல்லாம் வாங்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிறப்ப சனம் ஓடியிருக்கு. மடியில கஞ்சா இருக்கேன்னு பயந்து அவனும் ஓடியிருக்கான். அவ்வளவுதாங்க."

பத்திரிகையை என் முன்னால் வைத்து, "நீங்க கவ்வாத்துக் கங்காணி மகன்னு எங்க தோட்டத்துல சொன்னாங்க. ஒங்களுக்கு இது தெரியாதாங்க?" என்று கேட்டாள்.

யாரும் என்னைச் செருப்பால் அடித்ததில்லை. அடித்திருந்தால் இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வலித்திருக்கும்.

எனக்குத் தெரியும். என் அப்பாவோடு எத்தனை முறை அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். கவ்வாத்து தொடங்குவதற்கு முன் மலையடியில் எல்லோருடைய கத்தியையும் வரிசையாக வைத்துக் கும்பிடுவார்கள். செடிக்குப் பக்கத்தில் நின்று வீசுகிற கத்தி, கொஞ்சம் தவறினால் முழங்காலைப் பதம் பார்த்துவிடும், அதனால் வேண்டிக்கொள்வது. ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கத்தி வாங்கி நடுவில் வைப்பார்கள். சாராயம், சுருட்டு, கஞ்சா மூன்றும் முனிக்கு. பொலிஸுக்கு அது குற்றம், முனிக்கு அது மரியாதை. இவ்வளவும் தெரிந்த நான், கத்தியும் கஞ்சாவும் என்று கேட்டதும் நியூயோர்க்கை நினைத்தேனே தவிர என் அப்பாவை நினைக்கவில்லை.

"வழக்குப் பேச புரொக்டர் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"வச்சிருக்கோங்க. திங்கக்கிழமை கோட்டுல எடுக்கிறாங்க. ஆனா பேப்பர்லயே கும்பல்னு வந்திருச்சு, பிணை கஷ்டம்னு புரொக்டர் ஐயா சொல்றாரு." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "எங்களுக்குக் கப்பலுக்கு நாள் வந்திருச்சுங்க. அடுத்த மாசம் முதல் கிழமை. நாலு பேருக்கும் சேர்த்துத்தான் பாஸ்போட். அவன் உள்ள இருந்தா அம்மா கப்பல் ஏற மாட்டாங்க. ஏறலேன்னா தோட்டத்துல பேரு வெட்டியாச்சு, குடியிருக்க லயக் காம்பராவும் இல்ல. அங்கயும் இல்ல, இங்கயும் இல்லேன்னு நிப்போங்க."

இரண்டு அரசாங்கங்களும் தோட்டச் சனத்தைப் பங்குபோட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் பெயர் விழுந்த குடும்பங்களுக்கு அப்போது இதுதான் நிலை. நாள் குறித்து வந்தால் போய்த்தான் ஆகவேண்டும்.

4. கத்தியைப் பார்த்தேன்

பார்வதி போன பிறகு எங்கள் கடையில் கத்திப் பக்கம் நிற்கும் விற்பனையாளர் நஸீரிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை யாராவது கவ்வாத்துக் கத்தி வாங்கினாங்களா?"

"ஒரு ஆளு வாங்கினான். வெள்ளைச் சட்டை. சாணை பிடிக்கவான்னு கேட்டேன், வேணாம், சாமிக்குன்னான். ஏன், என்ன விஷயம்?"

"செவ்வாய்க்கிழமை பேப்பர்ல படிச்சீங்களே, அது அவன்தான்."

நஸீர் வாயைப் பிளந்தார். "அதுல கூரிய கத்தின்னுதானே போட்டிருந்திச்சு! கவ்வாத்துக் கத்தின்னு போட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே!"

நஸீருக்கு மட்டுமல்ல, கவ்வாத்துக் கத்தி என்று நான் எழுதியிருந்தால் பசறையிலிருந்து பூனாகலை வரை படித்த தோட்டத்து மனிதர் எல்லோருக்கும் புரிந்திருக்கும். பார்க்காமல் எழுதிய ஒரு சொல்லால் ஒருவனுக்குச் சாட்சி சொல்லக்கூடிய எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டேன்.

நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். கத்தியைப் பார்க்க வேண்டும் என்றேன். சார்ஜன்ட்டுக்குச் சிரிப்பு. "எழுதின பொறகா பார்க்கிறது மாத்தயா?"

நியாயமான கேள்வி. அவர் நல்ல மனிதர், எடுத்துக் காட்டினார். எங்கள் கடைப் பழுப்புக் காகிதம் அதில் இன்னும் ஒட்டியிருந்தது. பதுளை ஈரத்தில் துருப்பிடிக்காமல் இருக்க ஹாஜியார் கத்திகளுக்குக் கிரீஸ் தடவி வைப்பார். அந்தக் கிரீஸ் கலையாமல் இருந்தது. நுனி கிளியின் மூக்கு போல வளைந்து, வாய் தட்டையாக, பட்டறையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சாமிக்கு வைக்கும் புதுக் கத்திக்கு முதலிலேயே சாணை பிடிக்க மாட்டார்கள். சாமி முன்னால் வைத்த பிறகுதான் அதற்கு முதல் கூர். சார்ஜன்ட் தன் கட்டைவிரலை அதன் வாயில் வைத்து அழுத்தி இழுத்தார். கிரீஸ்தான் விரலில் வந்தது, தோலில் ஒரு கீறல் இல்லை.

"இதாலே வாழைப்பழம்கூட வெட்ட ஏலாதே" என்றார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "ரத்தமும் இல்ல. அன்னைக்கு சனம் கூடிச்சு, சரியாப் பார்க்காமலே பொதி செஞ்சு வெச்சோம். நான் பெரியவரிடம் சொல்றேன். நீங்க புரொக்டர்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். புரொக்டர் நஸீரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நஸீருக்கு கோர்ட் என்றால் பயம், ஆனாலும் வருகிறேன் என்றார்.

5. பிரஸ் கார்டும் கட்டுரையும்

வியாழக்கிழமை கொழும்புக்கு ட்ரங்க் கோல் போட்டேன். கோல் கிடைக்க இரண்டு மணிநேரம். அதற்குள் மூன்று தேநீர் குடித்தேன்.

"ஐயா, பதுளை வரிசையில எழுதினதையெல்லாம் அடிச்சிட்டேங்க, காலியா இருக்கு."

"காலியோ? அதுக்காகத்தானே அந்தப் பக்கமே வைச்சிருக்கு!"

எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி, சாமி, கிரீஸ், கப்பல்.

"இஞ்ச பாரும்" என்றார் கனகசபை. "ஒரு பேப்பர் தன்ர பிழையை ஞாயிறு பதிப்பில அரைப் பக்கத்தில ஒப்புக்கொண்டதை நீர் எங்கயாவது கண்டிருக்கிறீரோ?"

"இல்லீங்க ஐயா."

"பின்ன? சிக்காகோவையும் நியூயோர்க்கையும் எழுதி அனுப்பும். பதுளையை விடும். கோட்டில முடிவு வரட்டும், அதுக்குப் பிறகு நாலு வரி போடுவம்."

"திங்கக்கிழமை கோட்டு எடுக்கிறாங்க. அதுக்கு முன்னாடி வரணுங்க. நம்ம பேப்பரைப் பார்த்துத்தான் எல்லாரும் கும்பல்னு சொல்றாங்க."

"தம்பி, இப்பிடிப் பிடிவாதம் பிடிச்சால் பிரஸ் கார்டைத் திருப்பி அனுப்பவேண்டி வரும்."

என் வாழ்க்கையில் அந்தக் கார்டைவிட மேலான சாமான் அப்போது எதுவும் இல்லை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். ஆனாலும் வாய் சொல்லிவிட்டது. "அனுப்பி வைக்கிறேங்க. ஆனா கட்டுரையோட சேர்த்துத்தான் அனுப்புவேன்."

அன்று உட்கார்ந்து எழுதினேன். முதல் வரி இப்படி இருந்தது: "இந்த ஒப்பீட்டில் பதுளைக்கு இடமில்லை. இடமுண்டு என்று செவ்வாய்க்கிழமை எழுதியவன் நான், அது பிழை." அதன்பிறகு சிக்காகோ, சீனம், பம்பாய், நியூயோர்க், லைசென்ஸ் கடை, கசிப்பு எல்லாம் வந்தன. பெரிய பட்டணங்களில் கத்தியும் துப்பாக்கியும் ஏன் வந்தன என்று எழுதி, அங்கிருந்து கவ்வாத்துக் கத்திக்கு வந்தேன். அது எதற்கு வாங்கப்படுகிறது, ஏன் அதற்குக் கூர் இல்லை, அதை மடியில் கஞ்சாவோடு ஏன் ஒருவன் கொண்டுபோவான் என்று ஊரறிந்ததை ஊரறியாதவர்களுக்காக எழுதினேன். அந்தப் பகுதியை எழுத எனக்கு எந்த நறுக்கும் தேவைப்படவில்லை. கட்டுரையையும் கார்டையும் ஒரே உறையில் போட்டு மாலை ரயிலில் ஏற்றிவிட்டேன். ரயில் போனபின் பிளாட்பாரத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், சட்டைப் பை கனமில்லாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைக் கட்டு வந்தபோது நானே போய்க் கயிற்றை அறுத்தேன். ஒரு சொல் வெட்டாமல் வந்திருந்தது. என் பெயரோடு. கட்டோடு ஒரு சின்ன உறையும் இருந்தது. உள்ளே என் கார்ட், ஒரு துண்டுக் காகிதம். "இதை இனிப் பத்திரமாக வைத்திரும். க." என்று எழுதியிருந்தது. கனகசபை ஐயா பிறகு ஒருநாளும் அதைப்பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்கு இரட்டிப்பாகியது.

6. நீதவான் கேட்டது

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் இடமில்லை. தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள். அங்கேதான் ராமையாவின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். மெலிந்த முகம், பெரிய காது. ஒரு வாரமாக நான் எழுதித் தள்ளிய ஆளை அப்போதுதான் பார்க்கிறேன்.

நஸீர் கத்தியை அடையாளம் காட்டினார். ஆஸ்பத்திரி அறிக்கையில் காயம் ஒடுக்கமாக, நேராக, ஆழமாக இருந்தது. வளைந்த மூக்குக் கத்தியால் அப்படிக் குத்த முடியாது என்று புரொக்டர் சொன்னார். நீதவான் கத்தியைக் கேட்டு வாங்கினார்.

"வெட்டிப் பார்க்க ஏதாவது தாங்க."

புரொக்டர் மேசையில் இருந்த செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையை நீட்டினார். என் முதல் பக்கம். நீதவான் தாளைப் பிடித்துக் கத்தியை அழுத்தி இழுத்தார். தாள் கசங்கியது, மடிந்தது, வெட்டுப்படவில்லை. இன்னொரு முறை இழுத்தார். கிரீஸ் கறை மட்டும் என் செய்தியின் குறுக்கே விழுந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் அதட்டினார். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதே நேரத்தில் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

குத்திய வழக்கிலிருந்து அன்றே விடுவித்தார்கள். பொலிஸாரும் எதிர்க்கவில்லை, அந்த சார்ஜன்ட்தான் காரணம் என்று நினைக்கிறேன். கஞ்சாவுக்கு ராமையா குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். இரண்டு வாரம் கழித்து சிறிசேன பேசும் நிலைக்கு வந்தபோது, குத்தியது தன் மச்சான் என்றும் வெலிமடையில் ஒரு காணி வேலித் தகராறு என்றும் சொன்னார். போதைப்பொருளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. என் தாளில் பதுளை வரிசை கடைசிவரை காலியாகவே இருந்தது. உலகப் பட்டணங்களோடு ஒப்பிட்டு என் ஊர் தோற்ற ஒரே விஷயம் அது. அப்படித் தோற்றதில் எனக்கு அன்றும் பெருமை, இன்றும் பெருமை.

நீதிமன்ற வாசலில் பார்வதி என்னிடம் வந்தாள். நன்றி சொல்வாள் என்று பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை சாமி கும்பிடுறோங்க. அண்ணன் வராம கும்பிட மாட்டோம்னு எல்லாரும் நிறுத்தி வச்சிருந்தாங்க. நீங்களும் வரணும்" என்றாள். "வந்து பார்த்துட்டு எழுதுங்க."

7. கவ்வாத்து மலை

போனேன். பசறை பஸ்ஸில் இறங்கி மூன்று மைல் நடந்தேன். அப்பா இறந்த பிறகு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

மலையடிக் கல்லுக்கு முன்னால் வாழையிலையில் கத்திகள் வரிசையாக இருந்தன. நடுவில், நீதிமன்றம் திருப்பிக் கொடுத்த கத்தி. சான்றுப் பொருள் என்று கட்டிய சிறு அட்டை அதன் பிடியில் இன்னும் தொங்கியது. அதை அவிழ்க்க யாருக்கும் மனமில்லை, ஏதோ பதக்கம் மாதிரி விட்டுவிட்டார்கள். சாராயம் இருந்தது, சுருட்டு இருந்தது. கஞ்சா பொலிஸில் இருந்தது. "இந்த வருசம் முனி சுருட்டோட சமாளிச்சுக்கட்டும்" என்று பூசை செய்த பெரியவர் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். ராமையாவின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகனுடைய முழங்கையைப் பிடித்தபடியே நின்றார். கப்பலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நாலு பேரும் போனார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பார்வதி எனக்கு ஒரு கடிதம் எழுதினாள், அதை வைத்திருக்கிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் எழுதியிருக்கிறேன். என் பெயரோடு பெரிய பெரிய செய்திகள் வந்திருக்கின்றன. வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை ஒன்றைத்தான். இளம் நிருபர்கள் வந்தால் அதைக் காட்டுவேன். நான் அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். உலகத்தை ஒப்பிட்டு எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். ஆனால் உங்கள் ஊர் வரிசையை நிரப்புமுன் எழுந்து போய்ப் பாருங்கள். ஆளின் முகத்தைப் பாருங்கள், சாமானைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

அன்று பூசை முடிந்ததும் ராமையா அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடையோரத்தில் உட்கார்ந்தான். சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்தான். நான் பக்கத்தில் குந்தினேன். கிரீஸ் போய், கறுப்புப் போய், மெல்ல மெல்ல ஒரு வெள்ளைக் கோடு அதன் வாயில் தெரிந்தது. அவன் எழுந்து பக்கத்துத் தேயிலைச் செடியில் ஒரு வீச்சு வீசினான். விரல் தடிமன் கிளை சத்தமில்லாமல் துண்டாகி விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்ப எழுதிக்கங்க" என்றான்.

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கூரிய கத்தி என்று எழுதினேன்.